தூத்துக்குடி மக்ரூனும் ஒரு காலித் தட்டும்

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வராதவர்களும் படிக்கட்டும் என்று செய்தி மடல் குழுவினர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



இந்த மாதம் நான் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, “பேங்க்ல இருந்தவர், டெபாசிட் பத்திப் பேசுங்களேன்” என்றார். வட்டி விகிதத்தைப் பற்றிப் பேசினால் எல்லாரும் கவலையோடுதான் வீட்டுக்குப் போவீர்கள். அதனால் தின்பண்டத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

மேசை மேல் இரண்டு டப்பாக்கள் வைத்திருக்கிறேன். இரண்டின் மேலும் சீட்டு ஒட்டியிருக்கிறது. பேச்சு முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். எடுப்பதற்கு முன் சீட்டைப் படித்துவிடுங்கள். ஏன் என்பது பேச்சிலேயே தெரியும்.

நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது பயணம் போய்விட்டு வந்தால், “என்ன வாங்கிட்டு வந்தே?” என்பதுதான் முதல் கேள்வி. திருநெல்வேலி என்றால் அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா, கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய், சாத்தூர் என்றால் காராச்சேவு, மணப்பாறை என்றால் முறுக்கு. தெற்கேயிருந்து சென்னைக்கு வருகிறவர் பையைத் திறந்தால் அவர் எந்த வழியாக வந்தார் என்று சொல்லிவிடலாம். இவை எல்லாமே ஓர் இரவு ரயில் பயணத்தைத் தாங்கக் கூடியவை. வீட்டுக்கு வந்ததும் நாலு வீட்டுக்குப் பங்கிட்டுக் கொடுக்கக் கூடியவை.

இந்த வரிசையில் தூத்துக்குடியின் பங்கு மக்ரூன். என் முதல் வேலை தூத்துக்குடிக் கிளையில். அந்த ஊரில் இருந்த வருடங்களில் சென்னைக்கு நான் வெறுங்கையோடு வந்ததே இல்லை. முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறும் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் அட்டைப்பெட்டி இருக்கும். அதைப் பெட்டி படுக்கைக்கு அடியில் தள்ள மாட்டார்கள். மடியிலோ தலைமாட்டிலோதான் வைப்பார்கள். அழுத்தினால் நொறுங்கிவிடும் பண்டம் அது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டை விரல் உயரத்தில், நுனி சுழித்த சின்னக் கோபுரம் மாதிரி இருக்கும். சந்தன வெள்ளை நிறம். கடித்தால் வெளியே மொறுமொறுப்பு. உள்ளே முந்திரிப் பொடி பல்லில் லேசாக ஒட்டும். ஒரு நிமிடத்தில் நாக்கில் கரைந்துவிடும். எடையே இருக்காது. பாதிக்கு மேல் காற்றுதான் என்று நாங்கள் கேலி செய்வோம். ஒரு கிலோ வாங்கினால் பெட்டியைப் பார்த்து, இவ்வளவா என்று மலைப்பீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அன்று சாயங்காலமே, இவ்வளவுதானா என்றும் கேட்பீர்கள்.

பெயர் நம் ஊர்ப் பெயர் இல்லை. மக்ரூன் என்ற சொல் இத்தாலியில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மாக்கரோனி என்ற சொல்லும் அதே குடும்பம்தான். ஐரோப்பாவில் அதை வாதுமைப் பருப்பை அரைத்துச் செய்தார்கள். தூத்துக்குடியில் வாதுமையின் இடத்தில் முந்திரி உட்கார்ந்துகொண்டது. அந்த முந்திரியும் வந்த சரக்குதான். பிரேசிலிலிருந்து 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் இந்தியாவுக்குக் கொண்டு வந்த மரம். தென்கோடியில் இன்றும் அதைக் கொல்லாமரம் என்று சொல்வார்கள்.

இப்படிப்பட்ட பண்டம் தூத்துக்குடியில் வேர்விட்டது ஆச்சரியமில்லை. 16-ம் நூற்றாண்டின் முற்பாதியில் போர்ச்சுக்கீசியர் அந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர் பிடித்தார்கள். 1825-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. எதிர்க்கரையில் கொழும்பு. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிக் கப்பல் விட்டதும் தூத்துக்குடி - கொழும்புத் தடத்தில்தான். கப்பல் வந்து போகும் ஊரில் ரொட்டி அடுப்பும் இருக்கும். பேக்கரி அந்த ஊருக்குப் புதிதே இல்லை. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா சமயத்தில் அங்கே போயிருப்பவர்களுக்குத் தெரியும், கடைகளில் மக்ரூன் பெட்டி கட்டிக் கட்டி ஊழியர்களுக்குக் கை ஓய்ந்துவிடும்.

எப்படிச் செய்கிறார்கள் என்று நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒரு பேக்கரிக்காரர் அழைத்துப் போய்க் காட்டினார். சேர்மானம் மூன்றே மூன்று. முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு. மாவு கிடையாது, நெய் கிடையாது, எண்ணெய் கிடையாது, பேக்கிங் பவுடரும் கிடையாது.

வெள்ளைக் கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். மீதி பெரும்பாலும் புரதம். அதை அடிக்க அடிக்கப் புரதம் பிரிந்து விரிந்து காற்றைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. அதுதான் நுரை. ஒரு சொட்டு மஞ்சள் கருவோ, பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை சரியாக எழாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை சேர்த்து அடித்தால் நுரை பளபளவென்று கெட்டியாகும். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாது. அதன் பிறகு முந்திரிப் பொடியை மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாகக் கலந்தால் காற்று போய்விடும். காகிதக் கூம்பில் அடைத்து, விரித்த காகிதத்தின் மேல் வரிசையாகப் பிழிகிறார்கள். பிறகு விறகு அடுப்பின் மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைக்கிறார்கள். இதை வேகவைப்பது என்பதைவிட உலர்த்துவது என்றுதான் சொல்ல வேண்டும். சூடு கூடினால் சர்க்கரை சிவந்துவிடும், குறைந்தால் உள்ளே பிசுபிசுப்பு நிற்கும்.

வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு இரண்டு மூன்று குறிப்புகள். கடையில் என்று செய்தது என்று கேட்டு வாங்குங்கள். சில்லறையில் விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபரில் ஒரு விதி வந்தது. மக்ரூனுக்கு எதிரி ஈரக்காற்று. சர்க்கரை ஈரத்தை இழுத்துக்கொண்டு நமநமத்துப்போகும். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் மேலே தண்ணீர் பூத்து ஒட்டிக்கொள்ளும். நெடுநாள் வைத்தால் முந்திரியின் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். சீக்கிரம் தின்று தீர்ப்பதே நல்லது. சர்க்கரை நோய் உள்ள நண்பர்கள் இந்தக் கடைசி யோசனையை மட்டும் விட்டுவிடவும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நான் முதலில் சொன்ன பட்டியலை நினைத்துப் பாருங்கள். அல்வா, பால்கோவா, கடலை மிட்டாய், காராச்சேவு, முறுக்கு. எல்லாமே சைவம். ரயிலில் வாங்கி வரும் தின்பண்டம் என்றால் யாரும் கேள்வி கேட்காமல் கை நீட்டி வாங்குவது அதனால்தான். அந்த வரிசையில் மக்ரூன் ஒன்றில்தான் முட்டை இருக்கிறது. அதுவும் ஓரத்தில் இல்லை, அதுதான் அஸ்திவாரமே. ஆனால் பார்த்தால் தெரியாது. முந்திரி வாசனையில் முட்டை வாடையும் தெரியாது.

தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகிச் சென்னைக்கு வந்த பிறகு நடந்தது இது. அப்போது ஒரு வீட்டின் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். எதிர் போர்ஷனில் ஒரு மாமி, மகன் குடும்பத்தோடு இருந்தார். எங்கள் மூத்த பையன் கைக்குழந்தை. என் மனைவிக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. குழந்தைக்கு ஜுரம் என்றால் இரவு பதினொரு மணிக்கும் கஷாயம் வைத்துக்கொண்டு வந்து நின்றவர் அந்த மாமி. இரண்டு வீட்டுக்கும் இடையே பாத்திரங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். கோகுலாஷ்டமிச் சீடை வரும், நாங்கள் பழமோ கடையில் வாங்கிய இனிப்போ கொடுப்போம். பாத்திரம் ஒரு நாளும் காலியாகத் திரும்பாது. ஒன்றும் இல்லையென்றால் இரண்டு எலுமிச்சம்பழமாவது அதில் உருளும்.

பழைய சக ஊழியர் வீட்டுக் கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போய்விட்டு ஒரு கிலோ மக்ரூனோடு வந்தேன். காலையில் பல் தேய்த்த கையோடு ஒரு எவர்சில்வர் தட்டில் எடுத்துப்போய் மாமியிடம் கொடுத்தேன். அந்த நேரத்தில் எனக்கு முட்டை ஞாபகமே வரவில்லை. வருடக்கணக்காக அதைத் தின்றவனுக்கு அது வெறும் மக்ரூன்.

சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பும்போது மாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “ரொம்ப நன்னா இருந்தது. ரெண்டு சாப்டேன். வாயில வெச்சா கரையறதே! என்ன போட்டுப் பண்றா?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஒரு விநாடியில் எல்லாம் புரிந்தது. வாய் என்ன சொல்லியது தெரியுமா? “முந்திரிப் பருப்பும் சர்க்கரையும் மாமி.”

பொய் இல்லை. முந்திரி உண்டு, சர்க்கரையும் உண்டு. மூன்றாவதை விட்டுவிட்டேன்.

உள்ளே போய் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாப்பிட்டது சாப்பிட்டாயிற்று, இப்போது சொல்லி அந்த வயதானவர் மனத்தை ஏன் நோகடிக்க வேண்டும் என்று. அது முழு உண்மை இல்லை. முட்டை தின்கிற வீட்டுக்காரன் என்று நம்மைக் கீழாகப் பார்ப்பாரோ என்ற கூச்சம் அதில் பாதி. திட்டு வாங்கப் பயம் மீதிப் பாதி. அவருக்காக மறைத்தேன் என்று சொல்லிக்கொண்டு எனக்காகத்தான் மறைத்தேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கல்லூரியில் படிக்கும் பேரன் மூலமாக மாமிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவன் வகுப்பில் தூத்துக்குடிப் பையன் ஒருவன் இருந்திருக்கிறான். மாமி சண்டை போடவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்: “தெரியாம சாப்பிட்டது பகவானுக்குத் தெரியும். அதை நான் பாத்துப்பேன். நான் கேட்டப்போ நீங்க தெரிஞ்சும் சொல்லலையே, அதுதான் நேக்குத் தாங்கலை.”

எனக்குப் பதில் இல்லை. மன்னிச்சுக்குங்க மாமி என்றேன். தலையை ஆட்டினார். கையில் எங்கள் எவர்சில்வர் தட்டு இருந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்திருந்தார். என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தட்டு காலியாக வந்தது.

அதற்குப் பிறகும் பேசினார். குழந்தையைக் கொஞ்சினார். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு வாழைப்பழம்கூட வாங்கிக்கொள்ளவில்லை. நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்யும் நாளில் என் மனைவிக்கு வெற்றிலை பாக்கு, குங்குமம் கொடுத்து அனுப்பினார். அதோடு சரி.

வங்கி வேலையில் ஒரு பாடம் உண்டு. தவறான பதிவு யாருக்கும் நேரும். அன்றே கண்டுபிடித்துத் திருத்திவிட்டால் அது தவறு மட்டும்தான். தெரிந்த பிறகும் திருத்தாமல் விட்டால் அதற்கு வேறு பெயர். காலையில் நான் தட்டைக் கொடுத்தது தவறு. சாயங்காலம் மாமி கேட்டபோது, “மாமி, இதில் முட்டை வெள்ளைக் கரு இருக்கு, காலைல சொல்ல மறந்துட்டேன்” என்று சொல்லியிருந்தால் அன்று அழுதிருப்பார், குளித்திருப்பார், என்னைத் திட்டியும் இருப்பார். ஆனால் தட்டில் இரண்டு எலுமிச்சம்பழம் வந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

பாக்கெட்டில் அடைத்த தின்பண்டத்துக்குச் சட்டம் இருக்கிறது. சைவம் என்றால் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவம் என்றால் முன்பு பழுப்பு வட்டம். 2020-ல் வந்த விதிகளின்படி பழுப்பு முக்கோணம். முட்டை சேர்ந்தாலும் அது அசைவக் குறிதான். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பெட்டியைப் பிரித்துத் தட்டில் எடுத்து வைத்துத்தானே அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிறோம்? குறி பெட்டியோடு குப்பைக் கூடைக்குப் போய்விடுகிறது. தட்டில் குறி கிடையாது. அங்கே நம் வாய்தான் குறி.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், நம் குடியிருப்பில் பல ஊர்க்காரர்கள், பல பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறோம். லிஃப்டில் சிரிப்பதைத் தாண்டி ஒருவர் வீட்டுப் பண்டம் இன்னொருவர் வீட்டுக்குப் போகும்போதுதான் அக்கம்பக்கம் என்று ஒன்று உண்டாகிறது. அது நின்றுவிடக் கூடாது. அதற்காக மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, கொடுக்கும்போதே சொல்லிக் கொடுப்போம். கேக்கோ, பிஸ்கெட்டோ, மக்ரூனோ, “இதில் முட்டை இருக்கு” என்று மூன்று வார்த்தை. முந்திரி, வேர்க்கடலை இருந்தாலும் சொல்ல வேண்டும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. சங்க விழாக்களில் ஒவ்வொரு தட்டின் முன்னும் ஒரு சீட்டு வைப்போம். எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். என் கையெழுத்து இன்னும் லெட்ஜர் கையெழுத்துதான்.

இரண்டு, சொல்வதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாத இடமாக இது இருக்க வேண்டும். முட்டை சாப்பிடுகிறவர் மறைக்க வேண்டியதில்லை. சாப்பிடாதவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. “எங்களுக்கு வேண்டாம், நன்றி” என்றால் அது கொடுத்தவரை வேண்டாம் என்பதாகாது. நான் அன்று பொய் சொன்னதற்கு நான்தான் பொறுப்பு. ஆனால் முகம் சுளிப்பு குறைந்த இடத்தில் உண்மை சுலபமாக வெளியே வரும்.

மூன்று, தவறு நடந்துவிட்டால் அன்றே சொல்லிவிடுவோம். நாளைக்கு என்று தள்ளினால் வட்டி ஏறும்.

கடைசியாக அந்த இரண்டு டப்பா. ஒன்றில் இருப்பது தூத்துக்குடியிலிருந்து நண்பர் கொண்டு வந்த அசல் மக்ரூன். சீட்டில் “முட்டை, முந்திரி, சர்க்கரை” என்று எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று நான் வீட்டில் செய்தது. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரையும் வெள்ளைக் கரு போலவே நுரையாக அடிக்கலாம். 2014 வாக்கில் பிரான்ஸில் ஒருவர் இதைச் செய்து காட்டிய பிறகு உலகமெல்லாம் பரவியது. கடலையின் புரதமும் மாவுச்சத்தும் தண்ணீரில் இறங்குவதால் அது நுரைக்கிறது. உப்புப் போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வழவழப்பாகும் வரை சுண்டவைத்து, ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, மின்சார பீட்டரில் கால் மணி நேரம் அடித்தேன். பொடித்த சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்தேன். முதல் தடவை முந்திரியை மிக்ஸியில் அதிகம் ஓட்டிவிட்டேன். எண்ணெய் கக்கி நுரை அப்படியே அமுங்கிவிட்டது. இரண்டாம் தடவை விட்டு விட்டு அரைத்துச் சலித்துக் கலந்தேன். சின்ன ஓவனில் 100 டிகிரியில் இரண்டு மணி நேரம். கோபுரம் கொஞ்சம் சப்பைதான், ஆனால் வாயில் கரைகிறது.

அதன் சீட்டில் மக்ரூன் என்று எழுதவில்லை. “முட்டை இல்லாத முந்திரி இனிப்பு, கொண்டைக்கடலைத் தண்ணீரில் வீட்டில் செய்தது” என்று எழுதியிருக்கிறேன். தூத்துக்குடிக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் அவர்களுக்கும் உண்மை சொல்ல வேண்டும் அல்லவா?

இரண்டும் போதுமான அளவு இருக்கிறது. சீட்டைப் படித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகத் தட்டு வேண்டுமென்றால் தருகிறேன். திருப்பித் தரும்போது காலியாகத் தந்தாலும் வாங்கிக்கொள்வேன். ஆனால் இரண்டு எலுமிச்சம்பழம் இருந்தால் சந்தோஷப்படுவேன்.